கப்பல் தளமும் தேநீர் மேசையும்: கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தமிழர் வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பயணக் கப்பலில் பிற்பகல் நான்கு மணி என்பது தனியொரு பொழுதாகும். கப்பல் மணி எட்டு முறை ஒலிக்க, காவல்முறை மாறும். பிரித்தானியக் கப்பல் நிறுவனங்களின் கூடங்களில் அவ்வேளையில் தேநீர் மேசை விரிக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். 2004ஆம் ஆண்டு முதல் கடலில் செல்லும் குவீன் மேரி 2 என்னும் கப்பலில் வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர்கள் இசைக்குழுவின் பின்னணியில் தேநீரும், வெள்ளரித் துண்டு வைத்த மெல்லிய ரொட்டியும், ஸ்கோன் என்னும் பணியாரமும் பரிமாறுவதை அக்கப்பலின் பெருமைகளுள் ஒன்றாக விளம்பரப்படுத்துகின்றனர். கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பூலாவ் இண்டாவில் 1990களில் உல்லாசக் கப்பல் முனையம் அமைந்த பின்னர், இத்தகைய பயணம் சிலாங்கூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் எட்டாத ஒன்றாக இல்லை.

ஆயினும் மலேசியத் தமிழருக்குக் கப்பல் புதிதன்று. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் இதே துறைமுகத்தில், அது சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று அழைக்கப்பட்ட நாளில், அல்லது பினாங்கில், கப்பல்விட்டு இறங்கியவர்களே. அவர்கள் ஏறி வந்த கப்பல்களிலும் நான்கு மணிக்குத் தேநீர் மேசை விரிக்கப்பட்டது. அம்மேசையில் அமர்ந்தவர் யார், அமராதவர் யார் என்பதும், அவ்வேற்றுமை கப்பலோடு நின்றுவிடாமல் தோட்டத்திற்கும் வந்து சேர்ந்ததும், தேநீரைக் குறிக்கும் நம் சொற்களில் அதன் சுவடு இன்றும் காணப்படுவதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. தோட்டம் என இங்குச் சுட்டப்படுவது பெரும்பாலும் கோலசிலாங்கூரும் அதனை ஒட்டிய வட சிலாங்கூர்ப் பகுதியுமாகும்.

கடல்வழி வந்த சொல்

தேநீரின் பெயர்கள் உலக மொழிகளில் பெரும்பாலும் இரண்டு வேர்களில் அடங்கும். சீனத்தின் பெரும்பகுதியில் வழங்கும் ‘சா’ என்னும் ஒலி நிலவழியாகப் பாரசீகத்திற்கும் அங்கிருந்து வட இந்திய மொழிகளுக்கும் சென்றது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வழங்கும் ‘சாயா’ இவ்வேரைச் சார்ந்தது. பூக்கியன் மாநிலத்துக் கடற்கரை மக்களின் ‘தே’ என்னும் ஒலியோ டச்சு வணிகரின் கப்பல்களில் ஏறி ஐரோப்பாவை அடைந்தது. மலாய் மொழியின் ‘தே’யும் ஆங்கிலத்தின் ‘டீ’யும் இவ்வேரின் கிளைகளே. தமிழின் ‘தேயிலை’, ‘தேநீர்’ ஆகியவற்றின் முதனிலையும் இதுவே. சுருங்கக் கூறின், நம் சொல் கடலில் வந்த சொல்.

தே என்பதனோடு இலை சேரும்போது யகர உடம்படுமெய் தோன்றித் தேயிலை என்றாகிறது. ஏகாரத்தின் முன் யகரம், வகரம் ஆகிய இரண்டுமே வரலாம் என்பது நன்னூலார் கொள்கை. வழக்கு யகரத்தைத் தேர்ந்துகொண்டது. தே என்பதனோடு நீர் சேர்ந்தால் தேநீர். இதனைத் ‘தேனீர்’ என்று எழுதுவோர் இன்றும் பலர். அழைப்பிதழ்களிலும் உணவகப் பலகைகளிலும் இப்பிழையைக் காணலாம். தேனீர் என்பது தேன் கலந்த நீரையே குறிக்கும். நான்கு மணிக்கு அதனை வழங்குவோரை நாம் இதுவரை கண்டதில்லை.

சொல் கடல்வழி வந்தது போலவே பருகும் பழக்கமும் தமிழ்நாட்டிற்கு வெளியிலிருந்து வந்ததே. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலின் தலைப்புக் கட்டுரையில், காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் தமிழ்ச் சமூகத்தில் பிரிந்த வரலாற்றைக் காட்டியுள்ளார். ஆனால் ஐரோப்பியரிடையே நிலைமை வேறு. பிற்பகல் தேநீர் என்னும் வழக்கத்தை 1840ஆம் ஆண்டளவில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா தொடங்கினார் என்பது மரபாகக் கூறப்படும் செய்தி. அது பசிக்கு உண்பதாயினும் பசித்தவர்க்கு உரியதன்று. ஓய்வு உடையவர்க்கு உரியது. மாலை நான்கு மணிக்கு வேலையின்றி அமர்ந்திருக்க இயலும் என்பதே அதன் உட்பொருள்.

அக்கோப்பையில் இருந்த இலையைப் பறித்தவர் யார் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கையில் 1869இல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியபோது அதனைப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். மலாயாவிற்குக் கப்பலேறியவர்களும் அவர்களைப் போன்று தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவர்களே. ஆகவே, வங்கக் கடலில் தேநீர் மேசை விரிக்கப்பட்டபோது, அதில் ஊற்றப்பட்டது தமிழர் பறித்த இலையின் சாறாகவே இருந்திருக்கலாம். கீழே தளத்தில் பாய் விரித்திருந்தவர்களும் தமிழர்.

ரஜூலாவின் இரு நிலைகள்

1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிமார் வரி செலுத்தினர். அந்நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. கங்காணி ஊருக்குச் சென்று ஆள்திரட்ட, நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். வந்திறங்கியதும் மீண்டும் தனிமை முகாம். பினாங்கு வழி வந்தோர்க்கு அது ஜெரெஜாக் தீவு.

இக்கடற்பாதையில் மிகுதியும் அறியப்பட்ட கப்பல் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல், இடையில் போர்ப்பணிக்குச் சென்ற காலம் நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்தது. இதன் இணைக்கப்பலான ரோனா 1943இல் மத்தியதரைக் கடலில் குண்டுவீச்சில் மூழ்கியது. ரஜூலாவோ அரை நூற்றாண்டு ஓடியது. அதனால்தான் இரு தலைமுறைத் தமிழர் நாவில் அப்பெயர் கப்பல் என்பதற்கே மறுபெயராயிற்று.

ரஜூலாவில் அறைப் பயணிகள் சிலர். தளப் பயணிகளோ ஆயிரக்கணக்கானோர். தொடக்கக் காலத்தில் ஏறத்தாழ 5,000 தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் படுக்கை எண் இல்லாதவர் என்று பொருள். இடம் பிடித்து, பாய் விரித்து, தகரப் பெட்டியை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வதே அவருக்குரிய ‘அறை’. அவருக்கான உணவைச் சமைத்தவர் பண்டாரி எனப்பட்ட கப்பற் சமையற்காரர். தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நின்று அதனைப் பெற வேண்டும். மேலே, அறைப் பயணிகளின் கூடத்தில் பரிமாறியவர் பெரும்பாலும் கோவா நாட்டினர். பிரித்தானியக் கப்பல்களில் இன்ன பணிக்கு இன்ன ஊரார் என்னும் பிரிவினை வழக்கமாக இருந்தது.

தளத்தில் இருந்தவருக்குத் தேநீர் கிடைத்த வேளைகளிலும் அது குவளையில் வாங்கிய சுடுபானமே ஒழிய ‘மாலைத் தேநீர்’ ஆகாது. பொருள் ஒன்று, நிகழ்ச்சி வேறு. மேலே தேநீர் என்பது நாற்காலி, மேசைவிரிப்பு, பரிமாறும் ஆள், உரையாடல், இவை அனைத்திற்கும் மேலாக ஒரு மணி நேர ஓய்வு. கீழே அது நீர், இலை, வெப்பம். கடலின் அழகை இரு சாராரும் கண்டனர் என்பது உண்மையே. ஆனால் கண்டு மகிழ்வதற்கெனத் தனியே பொழுது வகுக்கப்பட்டது ஒரு சாராருக்கு மட்டுமே. கப்பலில் தளப்பயணி கற்ற முதற்பாடம் இதுவாக இருந்திருக்கும். தோட்டத்தில் அவருக்காகக் காத்திருந்த ஒழுங்கிற்கு அப்பயணம் ஒரு முன்னோட்டம் எனலாம்.

1930ஆம் ஆண்டை ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியின்போது இரப்பர் விலை சரிய, பெருந்தொகையான தொழிலாளர் அதே கப்பல்களில் திருப்பியனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிக் கட்டணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. 1953இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தபின் புதிய தொழிலாளர் வருகை ஏறத்தாழ நின்றது. அதற்குப் பின்னர் ரஜூலாவில் சென்றவர்கள் ஊருக்குப் போய் வரும் குடும்பத்தினர், வணிகர், திருமணத்திற்குப் பெண் கொண்டுவந்தோர் முதலியோர். 1972இல் இந்தியக் கப்பற் கழகம் பிரெஞ்சுக் கப்பலொன்றை வாங்கிச் சிதம்பரம் எனப் பெயரிட்டு இப்பாதையில் விட்டது. குளிர்சாதன வசதி கொண்ட அக்கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி, பலர் மாண்டதோடு இப்பாதையின் கதை முடிந்தது.

இக்கடற்பயணங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் ஒரு சாய்வு உண்டு. ஏ.கே. செட்டியார் போன்ற பயண எழுத்தாளர்கள் கப்பல் வாழ்வைத் தமிழில் பதிவு செய்துள்ளனர். தளப்பயணியாக வந்த தொழிலாளர் எழுதிவைத்தது அரிது. அவர்களைப் பற்றி உள்ளவை அரசு அறிக்கைகள். அவ்வறிக்கைகள் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் நோயுற்றனர் என்று கூறும். என்ன பருகினர் என்று கூறுவதில்லை.

பங்களாவும் லயமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட வரலாற்றில் உலகறிந்த பெயர் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொனியே 1905இல் இங்கு வந்து சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் அவர் செம்பனையை வாணிப நோக்கில் பயிரிட்டதே மலேசியச் செம்பனைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தென்னைமரம் என்னும் தமிழ்ப்பெயரைத் தாங்கி நிற்பது தமிழாய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்கது. ‘மலேசி’ என்னும் அவருடைய புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசினைப் பெற்றது. துரைமாரின் பங்களா வாழ்வை உள்ளிருந்து காட்டும் நூல்களுள் அது ஒன்று. லயத்தின் உள்ளிருந்து காட்டும் நூல் அக்காலத்தில் எழவில்லை.

தோட்டத்தில் நான்கு மணி இரண்டு உண்டு. இரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது குளிர்ந்த விடியற்பொழுதில். வெயில் ஏற ஏறச் சுரப்புக் குறையும். ஆகவே வெளுப்பதற்கு முன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். அதற்கு ஆயத்தமாக லயத்தின் பெண் எழுந்து அடுப்பு மூட்டுவது விடியற்காலை நான்கு மணியளவில். அப்போது கொதிப்பது வரக்காப்பியோ பாலில்லாத தேயோ. அதனைக் குழந்தைகளுக்கும் கொடுத்து, எஞ்சியதைப் போத்தலில் ஊற்றி நிரைக்கு எடுத்துச் செல்வர். மரம் வெட்டி, பாலெடுத்து, காண்டாவில் தூக்கி வந்து நிறுத்துக் கொடுத்த பின்னரும் விறகு, தண்ணீர், துணி, சமையல் என வீட்டு வேலை தொடரும். இரண்டாவது நான்கு மணி பங்களாவிற்கு உரியது. கப்பற் கூடத்தின் மேசைவிரிப்பு அங்கே வராந்தாவில் விரிக்கப்பட்டது. கொண்டுவந்து வைத்தவர் பட்லர் அல்லது ஆயா, பலவேளைகளில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் இரண்டு நான்கு மணிகளையும் அறிந்தவர். தோட்டத்தின் சமூக வரலாற்றிற்கு அவரைப் போன்ற சான்று வேறில்லை. ஆயினும் நம் ஆய்வுகளில் கங்காணிக்கும் கிராணிக்கும் உள்ள இடம் பட்லருக்கு இல்லை.

இது வெறும் உணவுப் பழக்கம் பற்றிய செய்தி என்று ஒதுக்குதற்கில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குக. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் என்பவற்றோடு, பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்கவேண்டும் என்பதும், துரைமார், தோட்ட அலுவலர் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். கேட்கப்பட்டது கூலி மட்டுமன்று. பொழுதும் மதிப்பும் சேர்த்தே கேட்கப்பட்டன. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் படையினர் சுட்டதில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். அமர்ந்து தேநீர் பருகும் ஒரு மணி நேரம் எளிதாகக் கிடைத்ததன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

தேநீரும் தே ஓவும்

இனிச் சொல்வழக்கிற்கு வருவோம். மலேசியத் தமிழில் தேநீரைக் குறிக்க இன்று மூன்று அடுக்குச் சொற்கள் உள்ளன. ‘தேநீர்’ என்பது எழுத்திலும் மேடையிலும் அழைப்பிதழிலும் வழங்குவது. ‘தேத்தண்ணி’ என்பது வீட்டுப் பேச்சு. தே என்பதனோடு தண்ணீர் சேர்ந்து தகரம் மிக்கது. இலங்கைத் தமிழிலும் இச்சொல் உண்டு என்பது இரு நாட்டுத் தோட்டத் தமிழரின் உறவை ஆராய்வோர்க்குப் பயன்படும். மூன்றாவது அடுக்கு கடைவழக்கு: தே, தே ஓ, தே தாரிக். ‘ஓ’ என்பது ஹொக்கியன் மொழியில் கருமை. பால் சேராத தேநீரைக் குறிக்கிறது. ‘தாரிக்’ மலாய்ச் சொல், இழுத்தல் எனப்படும். இழுத்து ஆற்றும் அக்கலையை வளர்த்தவர்களுள் இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் முதன்மையானோர். இவ்வாறு ஒரு குவளையில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் கலந்துள்ளன. அக்கலப்பு சிறுநகரத்தில் நிகழ்ந்தது; பங்களாவில் அன்று. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் போன்ற ஊர்களின் கடைகளில் தோட்டத்தார் நாற்காலியில் அமர்ந்து, பணம் கொடுத்து, பிறர் கலக்கிக் கொண்டுவந்து வைக்கப் பருகினர். தளப்பயணிக்குக் கப்பலில் கிடைக்காத மேசை அங்கேதான் கிடைத்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆதலின் ‘தே ஓ’ என்னும் சொல்லைக் கொச்சை என்று தள்ளுவதற்கில்லை.

காலை உணவிற்குப் ‘பசியாறல்’ என்னும் இனிய சொல்லை மலேசியத் தமிழ் வைத்துள்ளது. பிற்பகல் நான்கு மணிக்கு அத்தகைய சொந்தச் சொல் தோன்றவில்லை. ‘மாலைத் தேநீர்’, ‘தேநீர் விருந்து’ என்பன பள்ளிகளும் சங்கங்களும் ஆங்கில வழக்கைப் பின்பற்றி ஆக்கிக்கொண்டவை. பழக்கம் இல்லாத இடத்தில் சொல் பிறப்பதில்லை.

தமிழாசிரியர் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. மாணவர் தம் பாட்டியைப் பற்றிய கட்டுரையில் ‘பாட்டி விடியற்காலையில் வரக்காப்பி குடிப்பார்’ என்று எழுதினால், அதனை அடித்துப் ‘பால் கலவாத காப்பி அருந்துவார்’ என்று திருத்துவதைச் சில பள்ளிகளில் காணலாம். திருத்தம் மொழிநடையில் பிழையற்றது. ஆனால் பாட்டி அதில் இல்லை. தேர்வுத்தாளில் எழுத்துவழக்கு வேண்டும் என்பது சரியே. அதற்காக வரக்காப்பி, தேத்தண்ணி, நிரை, பெரட்டு, காண்டா போன்ற சொற்கள் மாணவரின் எல்லாத் தாள்களிலிருந்தும் நீங்கவேண்டும் என்பதில்லை. குறிப்பேட்டில் ஒரு பக்கம் அவற்றிற்கென ஒதுக்கலாம்.

வட சிலாங்கூரில் இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துள்ளன. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிற்று. லயங்கள் கலைந்தன, தோட்டம் இல்லாத இடத்திலும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்னும் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் ஊர்கள் உண்டு. சுற்றுப்பயணிகள் கம்போங் குவாந்தானில் மின்மினி காணப் படகேறுகின்றனர். அவ்வாற்றின் மேற்பகுதியிலேதான் ரந்தாவ் பாஞ்சாங்கும் பெஸ்தாரி ஜெயாவும் உள்ளன என்பதை அவர்களிடம் சொல்வார் குறைவு.

ரஜூலாவின் இறுதிப் பயணங்களில் சிறுபிள்ளைகளாக வந்தவர்களும் சிதம்பரம் கப்பலில் ஊர்சென்று மீண்டவர்களும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் மாணவரை அனுப்பும் ஆசிரியர், ‘எந்த ஆண்டு வந்தீர்கள், எந்த ஊர்’ என்னும் வழக்கமான வினாக்களோடு நிறுத்திவிடுகின்றனர். அவற்றிற்கு விடை கடப்பிதழிலேயே உண்டு. தளத்தில் எப்பக்கம் பாய் விரித்தீர்கள், குடிக்க என்ன கொடுத்தனர், எதில் வாங்கினீர்கள், ஊற்றியவர் எந்த ஊர்க்காரர், அவர் உங்களை என்ன சொல்லி அழைத்தார், மேல்தளத்திற்கு ஏற உங்களை விட்டனரா, அங்கிருந்து என்ன மணம் வந்தது என்று கேட்கச் சொல்லலாம். விடையைத் திருத்தாமல், சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும்.